பெயிண்டைப் பார்த்துப் பழைய வண்டி வாங்காதீர்கள்

மறுபடியும் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். டேங்கில் முகம் பார்க்கலாம், ஸ்போக் எல்லாம் புதுசு, மட்கார்டில் குரோமியம் கண்ணைக் கூசுகிறது. இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்து, வெளியூர் போய், ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்து வந்திருக்கிறார் ஒரு தம்பி. வேலைக்குச் சேர்ந்து சேர்த்து வைத்த முதல் பணம். "லேசா ஒரு சத்தம் வருதுண்ணே, பாருங்க" என்று பட்டறையில் விட்டார். சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் ஹேண்டில் பாரைத் திருப்பி, அதற்குக் கீழே ஃபிரேமின் கழுத்தில் டார்ச் அடித்தேன். சேசிஸ் நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் கிரைண்டர் ஓடிய தடம். அதன்மேல் கையால் குத்திய எழுத்துகள், ஒன்று மேலே, ஒன்று கீழே. ஆர்.சி.யில் இருக்கும் அதே நம்பர்தான். ஆனால் அந்த நம்பருக்கு உரிய ஃபிரேம் இது இல்லை.

சேலத்தில் டூ-ஸ்ட்ரோக் வண்டி பார்க்கும் எந்தப் பட்டறையில் கேட்டாலும் இதேபோல் ஒரு வண்டி வந்த கதையைச் சொல்வார்கள். வாங்கியபிறகு எங்களிடம் வருவதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். "இப்ப வாங்கிப் போட்டா பத்து வருஷத்துல கிளாசிக்ணே, விலை ஏறிடும்." ஏறும். எந்த வண்டிக்கு ஏறும் என்பதில்தான் எல்லோரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். புதுசாக மின்னுகிற வண்டிக்கு மதிப்பு அதிகம் என்று நினைக்கிறார்கள். கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985இல் வந்தது, 1996இல் நின்றுபோனது. கடைசியாக வந்த வண்டிக்கே முப்பது வயது ஆகிறது. முப்பது வயது வண்டி ஷோரூம் வண்டி மாதிரி நிற்கிறது என்றால், யாரோ அதைக் கழற்றி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, கிடைத்த பார்ட்ஸைப் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் இருக்கலாம், பட்டி இருக்கலாம், துரு தின்ற டேங்க் இருக்கலாம். சைட் கவர் டூப்ளிகேட்டாக இருக்கலாம். மீட்டர், சுவிட்ச், ரிம், சைலன்சர் எல்லாவற்றுக்கும் சந்தையில் டூப்ளிகேட் கிடைக்கிறது. பெயிண்ட் வேலை சில ஆயிரங்களில் முடிகிற வேலை. அதற்காக லட்சம் கொடுக்காதீர்கள்.

நாளைக்கு ஒரு சேகரிப்பாளர் தேடி வந்து விலை கேட்கப் போவது கம்பெனி பெயிண்ட் மங்கிய, டேங்கில் முட்டிக்கால் உரசிய தடம் இருக்கிற, கம்பெனியில் வந்த கார்பரேட்டரும் மீட்டரும் அப்படியே இருக்கிற வண்டியை. இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், ஆர்.சி. மூன்றும் ஒத்துப்போகிற வண்டியை. அப்படி ஒன்று உங்கள் வீட்டிலேயே அப்பாவுடையதாக நின்றால், தயவுசெய்து அதை "ரெஸ்டோர்" பண்ணுகிறேன் என்று கிளம்பாதீர்கள். கழுவுங்கள், ஆயில் மாற்றுங்கள், ரப்பர் பார்ட்ஸ் மாற்றுங்கள், ஓட்டுங்கள். பெயிண்டைத் தொடாதீர்கள். ஓடாத மீட்டரைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள், அதைப் பழுது பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள்.

சட்டம் எதைப் பழைய வண்டி என்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய வண்டிதான் விண்டேஜ். அதுவும் ஃபிரேம், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாமல் வந்தபடியே இருக்கவேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்கு. 'விஏ' என்று தனி எழுத்தோடு நம்பர் வரும். அதை வைத்துக்கொண்டு தினமும் சேலம் ஐந்து ரோடு கடைப்பக்கம் போய்வர முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், சர்வீஸ் மாதிரியான தேவைகளுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். முதன்முதலில் வந்த 1985 ஆர்எக்ஸுக்கே 2035இல்தான் ஐம்பது ஆகிறது. அதுவரை அது எல்லா வண்டியும் மாதிரி ஒரு பழைய வண்டி. பதினைந்து வருடம் முடிந்ததும், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையும், பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 300இலிருந்து 1,000 ஆக்கினார்கள், அதற்கப்புறமும் கூட்டியிருக்கிறார்கள். பசுமை வரி தனி, இன்சூரன்ஸ் தனி.

"ஆர்.சி. லைவ்ல இருக்குண்ணே" என்று சொன்னால் மட்டும் போதாது. யார் பெயரில் இருக்கிறது? அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா? நிறைய வண்டிகள் இறந்துபோனவர் பெயரில் நிற்கின்றன. வாரிசு முதலில் படிவம் 31 போட்டுத் தன் பெயருக்கு மாற்றவேண்டும், அதற்குப் பிறகுதான் உங்களுக்கு விற்க முடியும். புரோக்கர் ஒரு படிவம் 29, ஒரு படிவம் 30 இரண்டையும் கையெழுத்தோடு நீட்டினால், யார் போட்ட கையெழுத்து என்று கேளுங்கள். கர்நாடகா, கேரளா நம்பர் என்றால் அந்த ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். இங்கே மறுபதிவுக்கு வரி கட்டவேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மைசூர் பக்கத்திலிருந்து வரும் யெஸ்டி வண்டிகளில் ஏமாந்தவர்கள் அதிகம். யெஸ்டியைச் செய்த ஐடியல் ஜாவா 1996இல் மூடிய கம்பெனி, காகிதம் தொலைந்தால் அங்கே போய்க் கேட்க ஆள் கிடையாது. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய புத்தக ஆர்.சி. என்றால் அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவு ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

விற்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய புல்லட்டை யாருக்கோ கொடுத்துவிட்டோம், அதோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்குத்தான் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எழுபது வயதில் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் ஐயா. பெயர் மாற்றிக் கொடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

நம்பரைப் பார்க்கும் முறை சுலபம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கழுத்தைத் துடைத்துவிட்டு, நம்பர்மேல் மெல்லிய காகிதம் வைத்து பென்சிலால் தேயுங்கள். பெயர் மாற்றத்துக்கு எப்படியும் இந்த பென்சில் பிரிண்ட் வேண்டும், வாங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கிரைண்டர் கீறலும், அழித்த பழைய நம்பரின் மிச்சமும் காகிதத்தில் எழுந்துவிடும். கழுத்தில் மட்டும் பெயிண்ட் தடியாக இருந்தால் கிளம்பி வந்துவிடுங்கள். "நம்பர் துருப்பிடிச்சிருந்துச்சு, அதான் மறுபடி குத்தினோம்" என்பார்கள். ஆர்.டி.ஓ. அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையா, வேண்டாம். ஆர்எக்ஸ் 100 ஃபிரேமில் ஆர்எக்ஸ் 135 வண்டியின் இன்ஜினை ஏற்றி "பவர் சூப்பரா இருக்கும்" என்று விற்பதும் இதே ரகம்தான். ஆர்.சி.யில் ஏறாத இன்ஜின் சட்டப்படி குற்றம், கிளாசிக் மதிப்பும் அதோடு போச்சு.

அந்தத் தம்பியிடம் நான் சொன்னது இதுதான்: இதை இன்னொருத்தர் தலையில் கட்டாதீர்கள், ஓட்டவும் செய்யாதீர்கள். விளம்பரம், பணம் அனுப்பிய ரசீது, பேசிய மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். ஃபிரேம் திருட்டு வண்டியுடையதாக இருந்தால், அது உங்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்குத்தான் ஆபத்து.

வண்டியின் நிலைமையைப் பார்ப்பது மெக்கானிக் வேலை. தேய்ந்த சிலிண்டர் போரை எத்தனை முறை பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருக்கிறார்கள், கிராங்க் ஆடுகிறதா, சீல் கசிகிறதா என்பதை அவர் பார்த்துச் சொல்வார். டேங்க் உள்ளே நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் டியூபையும் வாஷரையும் கெடுக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

ஏற்காட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசியும் ஏறிவிடுகிறார்கள். ஏறுவதில் பிரச்சினை இல்லை, இறங்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. முன்னாலும் டிரம் பிரேக், பின்னாலும் டிரம் பிரேக். டூ-ஸ்ட்ரோக்கில் ஆக்சலேட்டரை விட்டதும் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிப்பதும் குறைவு. ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலில் 2டி எனும் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஓட்டும் வண்டி என்றால், ஆக்சலேட்டரை மூடிக்கொண்டு நெடுக இறங்கும்போது இன்ஜினுக்கு ஆயிலும் போகாது. அப்படியே பிஸ்டன் ஜாம் ஆகிப் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். வளைவில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. இடது கை விரல் கிளட்ச்மேலேயே இருக்கட்டும். நடுநடுவே லேசாக ஆக்சலேட்டர் கொடுங்கள், பிரேக் சூடானால் ஓரமாக நிறுத்துங்கள். இன்சூரன்ஸும் பெயர் மாற்றமும் முடியாத வண்டியை மலைக்கு எடுத்துப் போகவே போகாதீர்கள், தம்பிகளா.

உண்மையிலேயே பிற்காலத்துக்கு ஒன்று வாங்கி வைக்க ஆசை என்றால், ஆர்எக்ஸ் மோகத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள் என்பேன். அதன் விலை ஏற்கெனவே ஏறிவிட்டது, கலப்படமும் அதில்தான் அதிகம். 1999இல் வந்த ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001இல் வட்ட ஹெட்லைட்டோடு வந்த முதல் பல்சர், 2003இல் வந்த கரிஸ்மா, நம் ஓசூரில் செய்த டிவிஎஸ் சுசுகி ஷோகன் இவையெல்லாம் ஒரே ஓனர் கையில், கை வைக்காமல், இந்தப் பக்கத்து வீடுகளின் போர்டிகோவில் இன்னும் நிற்கின்றன. ஓனர் எதிரிலேயே இருப்பார், கையெழுத்து வாங்குவது சுலபம். புரோக்கர் கண்ணும் இன்னும் அவ்வளவாகப் படவில்லை.

எதுவானாலும், அட்வான்ஸ் போடும் முன்னால் கழுத்து நம்பர், இன்ஜின் நம்பர், ஆர்.சி. மூன்றையும் தெளிவாகப் போட்டோ எடுத்து உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள், அரை நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். போட்டோ பார்த்துச் சொல்வதற்கு என் பட்டறையில் காசு கிடையாது.