ரெசின் குடித்த மேகம் எங்கே போனது?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஒரு ஜோடி பனிச்சறுக்குப் பலகையைத் தானே செய்துகொண்டிருக்கிறாராம். நீலகிரியில் விழுவது உறைபனிதான். சறுக்குகிற அளவுக்கு எங்கே கொட்டுகிறது? குல்மார்க்கோ ஔலியோ போகப்போகிறார் போல. அவருடைய கேள்வி இது: "பலகைக்கு மேலே போடுவதற்காகத் தேயிலைத் தோட்டப் படம் ஒன்றை மெல்லிய டிஷ்யூ தாளில் இங்க்ஜெட்டில் அச்சிட்டேன். மாதிரித் துண்டில் வைத்து எபாக்ஸி ரெசின் (தானாக இறுகிக் கெட்டியாகும் பிசின்) பூசியதும் தேயிலையெல்லாம் பளிச்சென்று வந்துவிட்டது. ஆனால் மேலே இருந்த வெள்ளை மேகத்தைக் காணோம். அங்கே மரம்தான் தெரிகிறது. பிரிண்டரில் கோளாறா?"

பிரிண்டரில் ஒரு கோளாறும் இல்லை. வீட்டு இங்க்ஜெட்டில் வெள்ளை மை கிடையாது. மேகம் இருக்கும் இடத்தில் அது எதையும் அச்சிடவில்லை. நீங்கள் மேகமாகப் பார்த்தது வெறும் தாளை. தாள் மறைந்தது, மேகமும் கூடவே போய்விட்டது.

தாள் ஏன் மறைந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதற்கு முன் பலகையின் அமைப்பைச் சட்டென்று பார்த்துவிடலாம். அடியில் வழுக்கும் பாலிஎத்திலீன் தகடு, அதன் விளிம்பில் எஃகுப் பட்டை. நடுவில் மரம், மரத்துக்கு மேலும் கீழும் எபாக்ஸியில் ஊறிய ஃபைபர் கிளாஸ் துணி. எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் டாப் ஷீட். இந்த டாப் ஷீட்டின் அடிப்பக்கத்தில் படத்தைக் கண்ணாடி பிம்பமாகப் பதிப்பது ஒரு வழி. கிட்டத்தட்ட 200 டிகிரி செல்சியஸில் சாயம் பதங்கமாகி ஆவியாய்ப் பிளாஸ்டிக்குக்குள் இறங்கும். சுற்றுலா ஊர்களில் உங்கள் முகத்தைக் கோப்பையில் போட்டுத் தருகிறார்களே, அதே நுட்பம்தான். ஆனால் அதற்கு இவ்வளவு நீளமான ஹீட் பிரஸ் வேண்டும். வீட்டில் செய்பவர்கள் தாளையோ துணியையோ அச்சிட்டு, ரெசினில் முக்கி உள்ளே புதைத்துவிடுகிறார்கள். சர்ஃபிங் பலகையில் பெயரும் முத்திரையும் போடுகிறவர்கள் செய்வதும் இதைத்தான்.

இப்போது தாளுக்கு வருவோம். தாள் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். ஓர் இழையைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் வெள்ளை நிறம் என்று எதுவும் இல்லை. அது ஒளியை விட்டுவிடும் பொருள். வெள்ளையை உண்டாக்குவது இழைகளுக்கு நடுவில் இருக்கும் காற்று.

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது அதன் வேகம் மாறுகிறது. வெற்றிடத்தில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, ஒளிவிலகல் எண் (ஒளியின் வேகம் எத்தனை மடங்கு குறைகிறது என்று சொல்லும் எண்) 1.55 உள்ள கண்ணாடிக்குள் சுமார் 1,93,000 கிலோமீட்டர்தான் ஓடும். வேகம் மாறும் எல்லையில் எப்போதும் கொஞ்சம் ஒளி திரும்பிவிடும். எவ்வளவு? இரண்டு பொருள்களின் ஒளிவிலகல் எண்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கம் எடுங்கள். நேராக விழும் ஒளிக்கு அதுதான் விடை.

காற்றுக்கு 1, செல்லுலோஸுக்கு ஏறக்குறைய 1.53. கணக்குப் போட்டால் ஓர் எல்லையில் 4.4 சதவீதம் திரும்புகிறது. அற்பம்தான். ஆனால் ஒரு தாளின் கனத்துக்குள் இப்படி எத்தனையோ எல்லைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில். ஒளி முட்டி, திரும்பி, மறுபடி முட்டி, கடைசியில் எல்லா நிறமும் கலந்து வந்த பக்கமே சிதறி வெளியேறுகிறது. அந்தச் சிதறலுக்குத்தான் வெள்ளை என்று பெயர்.

இப்போது காற்றை வெளியேற்றிவிட்டு வேறொன்றை நிரப்புங்கள். தண்ணீர் (1.33) என்றால் ஓர் எல்லைக்கு 0.5 சதவீதம் திரும்பும். நீலகிரித் தைலம் (1.46) என்றால் 0.05 சதவீதம்தான். அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு சொட்டுத் தைலத்தைச் செய்தித்தாளில் விட்டுப் பாருங்கள்: பின்பக்க எழுத்து தெரியும். தைலம் ஆவியானதும் வெள்ளை திரும்பி வந்துவிடும். குழைத்துப் பூசிய திருநீறு நெற்றியில் முதலில் மங்கலாக இருந்து, காய்ந்த பிறகு பளிச்சிடுவதும் இதே கணக்குதான். வெற்றுத் தாளில் எண்ணெய் தடவி, பின்னால் ஒட்டியிருக்கும் குலதெய்வத்தின் முகத்தை வரவழைத்துக் காட்டவும் முடியும். காட்டுங்கள், நல்ல சோதனை. காணிக்கை மட்டும் வாங்காதீர்கள்.

எபாக்ஸியின் எண் 1.55ஐ ஒட்டி வரும். செல்லுலோஸுக்கு அது மிக அருகில், ஃபைபர் கிளாஸுக்கு இன்னும் அருகில். வெள்ளை வெளேரென்று இருந்த கண்ணாடித் துணி ரெசின் பட்டதும் கண்முன்னே கரைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். கரையவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. ரெசினுக்கும் இழைக்கும் நடுவில் எல்லை இருப்பதே ஒளிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தைலத்தைப் போல எபாக்ஸி ஆவியாகிப் போவதும் இல்லை, உள்ளேயே இறுகிவிடுகிறது. மை மட்டும் மறையாது, ஏனென்றால் அது நிறம் காட்டுவது ஒளியை விழுங்கி. காற்றை எடுத்தால் சிதறல் நிற்கும், விழுங்குவது நிற்காது.

எனக்கு ஓர் ஆதங்கம். இந்தச் சூத்திரம் பாடப்புத்தகத்தைத் தாண்டி வேலைக்கு வரும் பட்டறைகள் நம் மலையில் அதிகம் இல்லை. 1960இல் ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், பிளாஸ்டிக் படலத்தின் மேல் மெல்லிய அடுக்குகளைச் சீராகப் பூசத் தெரிந்தவர்களை வைத்திருந்தது. ஃபிலிமின் காலம் முடிந்தது, ஆலை போனது; சரி. பூசத் தெரிந்த கைகளுக்கு வேறு வேலை தேடும் ஓர் ஆய்வுக்கூடத்துக்குக் காசு ஒதுக்கியிருந்தால் குறைந்தா போயிருக்கும்?

மேகத்தை மீட்கும் வழி என்ன? ரெசினோடு எண் ஒத்துப்போகாத ஒரு வெள்ளை வேண்டும். டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பொடியின் எண் 2.5க்கு மேல். எபாக்ஸிக்குள் முங்கினாலும் எல்லை எல்லையாகவே நிற்கும், வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். பெயின்ட்டை வெள்ளையாக்குவதும் இதுதான். இதைப் பிரித்தெடுக்கும் இல்மனைட் மணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடைக்கிறது. மேகம் வரும் இடத்தில் மட்டும், தாளின் அடிப்பக்கம் இந்தப் பொடி கலந்த ரெசினை மெல்லப் பூசுங்கள். தாளை ஃபைபர் கிளாஸுக்கு மேலே வையுங்கள். மரத்துக்கும் ஃபைபருக்கும் நடுவில் வேண்டாம். பலகையின் பலம் அந்த ஒட்டில்தான் இருக்கிறது, படத்துக்காக அதைப் பணயம் வைக்கக் கூடாது.

இன்னொன்று, குமிழி. மாட்டிக்கொண்ட காற்று எங்கே இருந்தாலும் பழைய 4.4 சதவீதம் அங்கே திரும்பிவிடும். கறுப்புப் பாறைப் படத்தின் மேல் வெள்ளைப் புள்ளி விழும். அதைத் தவிர்க்கத்தான் பலகையைப் பையில் போட்டு வேக்குவம் பம்ப் வைப்பது. ஆனால் அழுத்துவது பம்ப் அல்ல, வெளியில் இருக்கும் காற்று. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்குச் சற்று மேல் அழுத்தும் காற்று, அங்கே ஏறத்தாழ 830 கிராம்தான் அழுத்தும். ஒரு பலகையின் பரப்பு 1,600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேட்டுப்பாளையத்தில் கிடைப்பதைவிட 250 கிலோவுக்கு மேல் குறைவு. போதாக்குறைக்குக் குளிரில் ரெசின் கெட்டியாகி இழைக்குள் இறங்க மறுக்கும். மூடுபனி ஈரம் பட்டால், ரெசினை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனர் மேலே மெழுகு போலப் படர்ந்துவிடும்.

ஆகவே என் யோசனை: ஒட்டுகிற வேலைக்கு மட்டும் சாமான்களோடு மேட்டுப்பாளையம் இறங்கிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு ரெசின் கலக்குங்கள், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. வெக்கையில் கிண்ணத்திலேயே இறுகிவிடும். முழுதாக இறுகுவதற்குள் பலகையை எடுத்துக்கொண்டு கடைசி பஸ் ஏறாதீர்கள்.