இடிக்கிற அன்னிக்கே முடிவாயிடுது

பழைய அபார்ட்மென்ட்ட இடிச்சுட்டு புதுசா கட்டுறதுதான் இப்ப சென்னைல எனக்கு வர்ற வேலைல பாதி. இடிக்கிற கான்ட்ராக்டர் பார்க்க வந்தா அவர் கண்ணு மொதல்ல போறது தேக்கு கதவு மேல, அப்புறம் கம்பி எவ்ளோ தேறும்னு. அதுக்கு அவரே நமக்கு காசு குடுப்பாரு. காங்கிரீட் பத்தி பேச்சே வராது, அது வெறும் ரப்பிஷ், ராத்திரி டிப்பர்ல ஏத்தி ஏரிக்கரை காலிமனைன்னு எங்கயாவது தட்டிட்டு வந்துடுவாங்க. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல இப்படி கொட்டியே எவ்ளோ இடம் மேடாச்சுன்னு அந்த பக்கம் போறவங்களுக்கு தெரியும்.

ஆனா காங்கிரீட்ல முக்கால்வாசி ஜல்லியும் மணலும்தாங்க. உடைச்சா திரும்ப ஜல்லி கிடைக்கும். மாநகராட்சிக்கு பெருங்குடிலயும் கொடுங்கையூர்லயும் இதுக்குன்னே பிளான்ட் இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு நாளைக்கு 400 டன் அரைக்கிற மாதிரி போட்டது. டெல்லி புராரில 2009லயே ஆரம்பிச்சுட்டாங்க. கிரஷர்ல உடைச்சு, காந்தம் வச்சு கம்பித்துண்ட எடுத்துட்டு, சலிச்சு, கழுவி, ஜல்லியாவும் மணலாவும் பேவர் பிளாக்காவும் வெளிய வரும்.

"அப்ப அரைச்ச தூள சிமென்ட்டா போட்டுக்கலாமா சார்"னு ஒரு ஓனர் கேட்டாரு. முடியாது, சிமென்ட் ஒரு தடவ தண்ணி சேர்ந்து இறுகினா இறுகினதுதான், அரைச்சா திரும்ப செட் ஆகாது (சூட்டுல போட்டு திரும்ப சிமென்ட்டாக்குற ஆராய்ச்சி வெளிநாட்டுல நடக்குது, நம்ம சைட்டுக்கு அது இப்ப ஆகாது).

ஜல்லியிலயும் ஒரு சிக்கல் இருக்கு. பழைய சாந்து அது மேல ஒட்டிக்கிட்டே இருக்கும், அது தண்ணிய குடிக்கும். கருங்கல் ஜல்லி குடிக்கிறத விட பல மடங்கு. நனைக்காம அப்படியே மிக்ஸர்ல போட்டா கலவை தண்ணிய இழுத்து காங்கிரீட் கட்டியாயிடும், உடனே மேஸ்திரி இன்னும் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்துவாரு, ஸ்ட்ரெங்த் போச்சு. அப்புறம் பழி மறுசுழற்சி ஜல்லி மேல. மொத நாளே நனைச்சு வைங்க. ஜல்லி, மணலுக்கான இந்திய தரக் கோட் ஐஎஸ் 383, மொத்த ஜல்லில இது எவ்ளோ இருக்கலாம்னு 2016லயே அளவு சொல்லிடுச்சு: கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு எம்25 வரைக்கும் (எம் நம்பர்னா காங்கிரீட்டோட ஸ்ட்ரெங்த் அளவு) 20 சதவீதம், கம்பி இல்லாததுக்கு 25, எம்15க்கு கீழ இருக்குற லீன் காங்கிரீட்டுக்கு (சிமென்ட் கம்மியா போடுறது) முழுசாவே போடலாம். அஸ்திவாரத்துக்கு அடியில போடுற பிசிசிய நினைச்சு பாருங்க, அதுவும் லீன் காங்கிரீட்தான், அதுக்கு எதுக்கு மலைய வெடிச்சு புது ஜல்லி?

இதெல்லாம் சுத்தமான காங்கிரீட்டுக்குத்தான். செங்கலும் பூச்சும் கலந்துட்டா மதிப்பு எறங்கிடும், லீன் காங்கிரீட், பள்ளம் நிரப்புறதுன்னு கீழ் வேலைக்குத்தான் ஆகும். ஜிப்சம் பால்ஸ் சீலிங் கலந்தா இன்னும் மோசம், அதுல இருக்குற சல்பேட் சிமென்ட்டோட சேர்ந்து உள்ளுக்குள்ளயே உப்பும், விரிசல் விடும். ஜேசிபி ஒரே தட்டுல எல்லாத்தையும் சரிச்சுட்டா அப்புறம் எந்த பிளான்ட்டாலயும் முழுசா பிரிக்க முடியாது.

போன வருஷம் ஒரு மூணு மாடி வேலைல இதுக்காகவே சண்டை போட்டேன். மொதல்ல சீலிங், அப்புறம் டைல்ஸ், கதவு, செங்கச் சுவர், கடைசியா ஸ்லாபும் பீமும்னு வரிசையா இறக்கணும்னு சொன்னதுக்கு கான்ட்ராக்டர் நாலு நாள் கூடும்னு ரேட்ட ஏத்துனாரு. ஓனருக்கு கோவம். அப்ப நடைமுறைல இருந்த 2016 விதிய காட்டினேன்: கட்டட கழிவு ஒரு நாளைக்கு 20 டன்னோ மாசத்துக்கு 300 டன்னோ தாண்டுனா பிரிச்சு வச்சு திட்டம் குடுக்கணும் சார், எப்படியும் நீங்கதான் பொறுப்புன்னேன். அரை மனசா ஒத்துக்கிட்டாரு.

ஸ்லாப் காங்கிரீட் தனி லோடா பிளான்ட்டுக்கு போச்சு, பிசிசி முழுக்க அரைச்ச ஜல்லிதான், கார் பார்க்கிங்ல பேவர் பிளாக்கும் அந்த மாதிரிதான் போட்டோம். தூண், பீம்ல மட்டும் நான் போடல. ஐஎஸ் கோட் அனுமதிச்சாலும், ஜல்லி நனைக்கிறத நின்னு பார்க்க எனக்கு அங்க ஆள் இல்ல.