பிள்ளைக்கு ஏதும் நடந்தால்: முறைப்பாட்டிலிருந்து மேல் நீதிமன்றம் வரை

சிறுவர் துஷ்பிரயோகம் பற்றி யார் வேண்டுமானாலும் முறைப்பாடு கொடுக்கலாம். தாய் தகப்பன்தான் வர வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனையோ வீடுகளில் தாய் குவைத்திலோ சவூதியிலோ வேலைக்குப் போயிருக்க, பிள்ளைகள் அம்மம்மாவோடோ சித்தியோடோதான் வளர்கிறார்கள். ஏதாவது நடந்தால் "தாய் வரட்டும், வந்த பிறகு பார்ப்பம்" என்று மாதக்கணக்கில் மூடி வைக்கிறார்கள், அதற்குள் மருத்துவச் சாட்சியம் அழிந்துபோகிறது, செய்தவனும் அதே ஒழுங்கையில் நடமாடிக்கொண்டிருக்கிறான். அம்மம்மாவே போய்க் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கலாம், ரீச்சர் கொடுக்கலாம், குடும்பநல உத்தியோகத்தர் கொடுக்கலாம், பிள்ளையே கூடக் கொடுக்கலாம்.

எங்கே கொடுப்பது? கையில் ஃபோன் இருந்தால் 1929. இது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சபை அது. அழைப்புக்குக் காசு இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமலே தகவலைக் கொடுக்கலாம். பிள்ளை இந்த நிமிடம் ஆபத்தில் இருக்கிறது என்றால் 119க்கு அடியுங்கள். பொலிஸின் சிறுவர், மகளிர் பணியகத்துக்கென்று 109 இருக்கிறது. நேரே போவதானால், பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவு எங்கே என்று கேட்டு அங்கே போங்கள், வாசலில் இருக்கிற காவலரிடம் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை.

பொலிஸ் என்றாலே கால் கூசுகிறவர்களுக்குப் பிரதேச செயலகம் இருக்கிறது. அங்கே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், அதிகாரசபையின் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் என்று இரண்டு பேர். நீதிமன்றத்தோடு சேர்ந்து வேலை செய்கிற நன்னடத்தை உத்தியோகத்தர் இன்னொருவர், அவர் மாகாணத் திணைக்களத்தின் ஆள். பெயர்கள் ஒன்றுபோலத் தெரிவதால் சனம் குழம்பிப்போய் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அலைகிறது. யாரிடம் போனாலும் சரிதான், ஆனால் குற்றத்தை விசாரிக்கிற அதிகாரம் பொலிஸுக்குத்தான். மற்றவர்கள் உங்களை அங்கே கூட்டிக்கொண்டு போவார்கள், பிள்ளையின் பாதுகாப்பைப் பார்ப்பார்கள், நீதவானுக்கு அறிக்கை கொடுப்பார்கள்.

பிள்ளை உங்களிடம் சொன்ன அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது வழக்கின் தலைவிதியையே மாற்றிவிடும். கேளுங்கள், நம்புங்கள், "நீ சொன்னது நல்லது, உன்னில் பிழை இல்லை" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் துருவ வேண்டாம். மாமாவைக் கூப்பிட்டு ஒரு தரம், பெரியப்பா வந்ததும் ஒரு தரம், அதிபருக்கு ஒரு தரம் என்று பிள்ளையைச் சொல்ல வைத்தால் அந்தப் பிள்ளை ஒவ்வொரு தரமும் அதற்குள் திரும்பப் போய் வருகிறது. அது மட்டுமில்லை, சொல்லுக்குச் சொல் சின்ன வித்தியாசம் வரும், பிறகு குறுக்கு விசாரணையில் எதிரித் தரப்புச் சட்டத்தரணி பிடித்துக்கொள்வது அதைத்தான். "அவன் உன்னை இப்படிச் செய்தானா?" என்று நீங்களே பதிலைப் போட்டுக் கேட்பதும் கூடாது. பிள்ளை சொன்ன வார்த்தை எதுவோ அதையே ஒரு கொப்பியில் திகதி, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

பொலிஸில் நடக்க வேண்டியது இது. நீங்கள் வாயால் சொல்வதை உத்தியோகத்தர் எழுதுவார், எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், சரி என்றால்தான் கையொப்பம். 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்வது, முறைப்பாடு எந்த மொழியில் கொடுக்கப்படுகிறதோ அந்த மொழியிலேயே பதியப்பட வேண்டும் என்று. வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழி என்பது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் நடைமுறையில், முக்கியமாக அம்பாறைப் பக்கம், தமிழ் எழுதத் தெரிந்த பெண் உத்தியோகத்தர் அந்த நேரத்தில் கடமையில் இல்லாமல் போவது உண்டு. அப்படியானால் நீங்களே தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம், எழுத்தில் கொடுப்பதையும் சட்டம் ஏற்கிறது. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் தயவுசெய்து கையொப்பம் வைக்காதீர்கள். வாசித்து, மொழிபெயர்த்துச் சொல்லும்படி கேளுங்கள், அது உங்கள் உரிமை. வெளியே வருமுன் முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் வாங்குங்கள். அந்த இலக்கம் இல்லாவிட்டால் அடுத்த ஆறு மாதமும் "எந்த முறைப்பாடு?" என்றுதான் கேட்பார்கள்.

பிள்ளையின் வாக்குமூலத்தை வேறு அறையில், பெண் உத்தியோகத்தர், பிள்ளை நம்புகிற ஒருவர் பக்கத்தில் இருக்க எடுப்பதுதான் முறை. 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டப்படி பிள்ளையின் முதல் நேர்காணலை வீடியோவில் பதிந்து அதையே நீதிமன்றத்தில் சாட்சியமாகப் போடலாம், பிள்ளை முழுக்கதையையும் அங்கே நின்று மறுபடி சொல்லத் தேவையில்லை. குறுக்கு விசாரணைக்கு மட்டும் வர வேண்டியிருக்கும். எல்லாப் பொலிஸ் நிலையத்திலும் இந்த வசதி கிடையாது. ஆனால் சின்னப் பிள்ளையாக இருந்தால், 1929இல் பேசும்போதே இதைப் பற்றிக் கேட்டு வையுங்கள். கேட்காவிட்டால் யாரும் தாமாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது சட்ட வைத்திய அதிகாரி. பொலிஸ் ஒரு படிவம் கொடுத்து அனுப்பும், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறை பொது வைத்தியசாலைக்கோ, உங்களுக்கு எது கிட்டவோ அங்கே. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாலும் பிழையில்லை, அங்கிருந்து பொலிஸுக்கு அறிவிப்பார்கள். நடந்து 72 மணித்தியாலத்துக்குள் போவது மிக முக்கியம். உடலிலும் உடுப்பிலும் இருக்கிற தடயங்கள் அதற்குள்தான் நன்றாகக் கிடைக்கும், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கிற மருந்தையும் அதற்குள் தொடங்க வேண்டும், கர்ப்பத் தடுப்புக்கும் நேரம் முக்கியம். வெல்லாவெளியிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ வருகிறவர்களுக்கு இது லேசான பயணம் இல்லை, தெரியும், அதனால்தான் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்கிறேன். பிள்ளையைக் குளிப்பாட்டாதீர்கள். எங்கள் அம்மாமார் முதலில் செய்வது அதுதான், பாவம், பிள்ளையைச் சுத்தமாக்க வேண்டும் என்ற துடிப்பில். போட்டிருந்த உடுப்பைத் துவைக்காமல் கடதாசிப் பையில் போடுங்கள், பொலித்தீன் பை வேண்டாம், ஈரம் தேங்கித் தடயம் பழுதாகிவிடும்.

72 மணித்தியாலம் கடந்துவிட்டதா? அப்படியும் போங்கள். மாதங்கள் கடந்திருந்தாலும் போங்கள். காயம் இல்லை என்று வைத்தியர் எழுதினால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, பெரும்பாலான பிள்ளைகளில் காயம் தெரிவதே இல்லை, இது வைத்தியருக்கும் தெரியும், நீதிபதிக்கும் தெரியும். பரிசோதனைக்குப் பிள்ளையினதோ, விளங்காத வயதென்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரினதோ சம்மதம் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் நட்பு நிலையம் என்று ஒரு பிரிவு இருக்கிறது, மனசு உடைந்துபோன தாய்க்கும் பிள்ளைக்கும் அங்கே உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறார்கள்.

பிறகு பொலிஸ் நீதவான் நீதிமன்றத்தில் விடயத்தை முன்வைக்கும். சந்தேகநபரை விளக்கமறியலில் வைப்பதா பிணையில் விடுவதா என்பது அங்கே தீர்மானிக்கப்படும். பிள்ளை எங்கே தங்குவது என்பதும் அங்கேதான். இதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. செய்தவன் வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஆளாக இருந்தால், சிறிய தகப்பனாகவோ அண்ணனாகவோ, எங்கள் ஊரில் உடனே பிள்ளையைத் தூக்கிச் சிறுவர் இல்லத்தில் போடப் பார்க்கிறார்கள், பள்ளிக்கூடமும் சிநேகிதிகளும் போய், தான்தான் தண்டிக்கப்பட்டேன் என்று அந்தப் பிள்ளை நினைக்கிறது. வெளியேற வேண்டியவன் அவன். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. பிள்ளையின் சார்பில் தாயோ பாதுகாவலரோ பொலிஸோ நீதவானிடம் விண்ணப்பித்தால், 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளையும், பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளையும் கிடைக்கும். வீட்டுக்குள் வரவும் பிள்ளையோடு தொடர்பு கொள்ளவும் அவனுக்குத் தடை போடலாம். அது சரிவராவிட்டால், நம்பகமான உறவினரிடம் பிள்ளையை ஒப்படைக்க நீதிமன்றம் கட்டளையிடலாம். இல்லம் கடைசி வழி. நன்னடத்தை உத்தியோகத்தரிடம் முதல் நாளே "பெரியம்மா வைத்திருக்கத் தயார்" என்று ஆளைக் காட்டுங்கள், அறிக்கையில் அது ஏறும்.

இனி, இந்த இரண்டு மாவட்டங்களிலும் வழக்குகளைக் கொல்கிற விஷயத்துக்கு வருகிறேன். சமரசம். கோயில் நிருவாகமோ பள்ளிவாசல் நிருவாகமோ ஊர்ப் பெரியவர்களோ கூடி, காசு பேசி, மன்னிப்புக் கேட்க வைத்து, அல்லது "அவனே கட்டட்டும்" என்று முடித்துவிடுவது. இவர்கள் யாருக்கும் இதைத் தீர்க்க அதிகாரம் இல்லை. இணக்க சபைக்குக் கூட இல்லை. 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையோடு உறவு கொண்டால் பிள்ளை சம்மதித்தாள், காதலித்தாள் என்பது எந்த வாதமும் ஆகாது. தண்டனைச் சட்டக்கோவை அதற்கு 10 முதல் 20 வருடக் கடூழியச் சிறையும் நட்டஈடும் வைத்திருக்கிறது. பிறகு கட்டி வைத்தாலும் நடந்த குற்றம் நடந்ததுதான், பொதுத் திருமணச் சட்டத்தில் 1995இலிருந்து திருமண வயதும் 18. ஆண்பிள்ளைகளுக்கு நடப்பதும் குற்றம்தான், பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற பிரிவு ஆண், பெண் இரு பாலாரையும் காக்கிறது, ஆனால் "பொடியன்தானே" என்று விட்டுவிடுகிறோம். முறைப்பாட்டைக் கொடுத்த பிறகு வழக்கு அரசினுடையது. குடும்பம் பின்வாங்கினால் வழக்கு பலவீனமாகும், தானாக முடிந்துவிடாது, முடிப்பதா இல்லையா என்பதைச் சட்டமா அதிபர் தீர்மானிப்பார்.

மிரட்டல் வந்தால்? 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்குமானது. சாட்சியை மிரட்டுவது, காசு காட்டுவது, வீட்டு வாசலில் வந்து நிற்பது எல்லாம் தனிக் குற்றம். முதல் மிரட்டலையே முறைப்பாடாகப் பதிந்துவிடுங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று அறிகிற உரிமை, பாதுகாப்புக் கேட்கிற உரிமை, நட்டஈடு கேட்கிற உரிமை எல்லாம் இந்தச் சட்டத்தில் இருக்கிறது. எதிரியை நேருக்கு நேர் பார்க்காமல் வேறிடத்திலிருந்து திரை வழியாகச் சாட்சி சொல்லவும் நீதிமன்றம் இடம் கொடுக்கலாம். சட்டத்தரணி வைக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு.

பெயரையும் படத்தையும் போடுகிறவர்களுக்கு: தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவு, பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் யார் என்று தெரியவரும் எதையும் வெளியிடுவதை இரண்டு வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றமாக்குகிறது. முகத்தை மங்கலாக்கிவிட்டு ஊர், பாடசாலை, தகப்பனின் தொழில் மூன்றையும் எழுதினால் யாருக்குத்தான் தெரியாது? நீதி கேட்டுத்தான் பகிர்கிறோம் என்பீர்கள், அந்தப் பதிவை அந்தப் பிள்ளை பத்து வருடம் கழித்தும் படிக்கும். பிள்ளையின் நிர்வாணப் படமோ வீடியோவோ உங்கள் கைக்கு வந்தால் "பாருங்கள்" என்று ஒருவருக்கும் அனுப்பாதீர்கள், வைத்திருப்பதே குற்றம் 286அ பிரிவில். அனுப்பியவரின் இலக்கம், கணக்கு, இணைப்பு முகவரி, நேரம் இவற்றைக் குறித்துக்கொண்டு உடனே 1929க்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள்.

பொலிஸ் முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் அந்தப் பிரிவின் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் எழுத்தில் போங்கள், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறது, தொலைபேசி 1996.

விசாரணை முடிந்ததும் கோப்பு சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போகும். அங்கிருந்து குற்றப்பத்திரிகை வந்த பிறகுதான் மட்டக்களப்பு, கல்முனை அல்லது அம்பாறை மேல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடங்கும். இந்த இடைவெளி நீளம், வருடக்கணக்கில் போகும், பன்னிரண்டு வயதில் முறைப்பாடு கொடுத்த பிள்ளை உயர்தரம் எழுதுகிற வயதில் அழைப்பாணை வாங்குவது இங்கே புதுமையில்லை. அதற்குள் குடும்பம் வீடு மாறியிருக்கும், ஃபோன் இலக்கம் மாறியிருக்கும், தாய் திரும்ப வெளிநாடு போயிருப்பாள். அழைப்பாணை ஆளில்லை என்று திரும்பிப் போனால் தவணைக்கு மேல் தவணையாகி வழக்கு இழுபடும். ஆகவே முகவரியோ இலக்கமோ மாறினால் அதே கிழமையில் முறைப்பாட்டு இலக்கத்தோடு பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவுக்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியில் அவர்களின் முத்திரையைக் குத்தி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.