தீப்பட்ட நடுகல்லைக் கழுவாதீர்கள்

மாசி, பங்குனியில் தருமபுரி, கிருஷ்ணகிரி மலைக்காடுகள் சருகாய்க் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும். மழை வந்தால் காடு துளிர்த்துவிடும். எனக்குக் கவலையெல்லாம் காட்டுக்குள் நிற்கிற நடுகற்களைப் பற்றித்தான். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கும் புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கும் நட்ட கற்கள். அவற்றில் பலவற்றை இன்றும் வேடியப்பன் என்ற ஊர்த்தெய்வமாகக் கும்பிடுகிறோம்.

கருங்கல்லைத் தீ என்ன செய்துவிடும்? கல் உடைக்கிறவர்களுக்கு இது பழைய பாடம். பாறை மேல் விறகை அடுக்கிக் கொளுத்தினால் பலகை பலகையாகப் பெயர்ந்து வரும். கல்லுக்குள் சூடு மெதுவாகத்தான் இறங்கும். மேல்தோல் சூடேறி விரியும், உள்ளே குளிர்ந்தே இருக்கும். இழுபறியில் மேல்தோல் செதிலாகப் பிரியும். கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிம மணிகள் பக்கத்து ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தைவிடக் கூடுதலாக விரிவதால் மணிக்கும் மணிக்கும் நடுவே நுண்விரிசல் விழும். 573 டிகிரி செல்சியஸில் குவார்ட்ஸின் படிக அமைப்பே மாறி, சட்டென்று உப்பும். வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்தை வெட்டியிருப்பதோ அந்த மேல்தோலில், சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு. செதில் போனால் எழுத்தும் போயிற்று.

தீ அணைந்ததும் ஊர் கூடிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றும். பாசத்தில் செய்வதுதான், ஆனால் சூடான கல் சட்டென்று குளிர்ந்தால் விரிசல் இன்னும் ஓடும். தானாக ஆறட்டும். அப்புறம் முதல் வேலை படம் எடுப்பது. இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், பகலில் கண்ணுக்குப் படாத எழுத்தின் பள்ளம்கூட நிழலாய் எழுந்து நிற்கும். நிறத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். சுமார் 250, 300 டிகிரி சூடு பட்ட இடத்தில் கல்லிலுள்ள இரும்பு சிவக்கும். எங்கே தீ கடுமையாக இருந்தது என்பதை அந்தச் சிவப்பே காட்டிக்கொடுக்கும்.

பிறகு விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியான இடம் 'ணங்' என்னும். உள்ளே பிரிந்த இடம் பானையைத் தட்டியதுபோல 'டொப்' என்னும். அங்கே கை வைக்கக்கூடாது. தொல்லியல் பாதுகாப்பு தெரிந்தவர்கள் ஊசி வழியாகப் பசை செலுத்தி ஒட்டவைப்பார்கள். கரியை எடுப்பது கடைசி வேலை: முதலில் உலர்ந்த மென்தூரிகை. போகாத கறைக்கு ஈரக் காகிதக்கூழை அப்பி, காயும்போது அது கறையை உறிஞ்ச விடுவார்கள். ஆசிட், கம்பி பிரஷ், மணல் பீய்ச்சுவது எதுவுமே கூடாது. எனாமல் பெயிண்ட்டும் வேண்டாம், அது ஈரத்தை உள்ளே பூட்டி அடுத்த செதிலைத் தள்ளும். சிமெண்ட்டும் பூச வேண்டாம், அதிலிருந்து உப்பு கசிந்து கல்லை அரிக்கும்.

மழைக்கு முன்னால் கல்லைச் சுற்றிக் கிடக்கிற சாம்பலைச் சல்லடையில் சலித்துவிட வேண்டும். நகம் அளவுச் சில்லுகூட அரை எழுத்தாக இருக்கலாம். எந்தப் பக்கத்தில் கிடைத்தது என்று எழுதி, தனித்தனியாகத் துணியில் முடிந்து வையுங்கள். ஒட்ட வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்த முடிச்சுகளைத்தான்.