வேலை தேடத் தொடங்கும்போதே நூலகத்துக்கு வாருங்கள்

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியிலுள்ள ஒரு பொது நூலகக் கிளையில், புதிதாகக் குடிவந்தோருக்கு ஆலோசனை கூறும் பணியில் இருக்கிறேன். என்னைத் தேடிவரும் தமிழர்களில் பலர், நாட்டுக்கு வந்து நான்கைந்து மாதங்கள் கழிந்து, அனுப்பிய விண்ணப்பங்கள் எதற்கும் பதில் வராமல் மனம் சோர்ந்த பின்னரே வருகிறார்கள். முதல் வாரத்திலேயே வந்திருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

அண்மையில் வந்த ஒரு கணக்காளரின் சுயவிவரக்கோவை ஐந்து பக்கம் இருந்தது. முதற் பக்கத்திலேயே புகைப்படம், பிறந்த திகதி, மதம், திருமண நிலை, தகப்பனாரின் பெயர். ஊரில் இது முறைதான். இங்கோ, வேலைக்கு ஆள் எடுக்கையில் வயது, மதம், குடும்ப நிலை போன்றவற்றைக் கொண்டு பாகுபாடு காட்டுவதை ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் தடுப்பதால், நிறுவனங்கள் இவற்றைப் பார்க்கவே விரும்புவதில்லை. இருவரும் அமர்ந்து அதை இரண்டு பக்கமாகச் சுருக்கினோம். "கணக்குகளுக்குப் பொறுப்பாக இருந்தேன்" என்ற ஒரே வரியை, எத்தனை கிளைகளின் கணக்கை, எந்த மென்பொருளில், மாதத்தின் எத்தனையாம் நாளுக்குள் முடித்தார் என்று விரித்து எழுதவே ஒரு மணிநேரம் பிடித்தது. செய்த வேலையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள நம்மவர்கள் கூசுகிறார்கள். அந்தக் கூச்சத்தைப் போக்குவதுதான் என் பணியில் கடினமான பகுதி.

ரொறன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள் உள்ளன. பெயரையும் முகவரியையும் காட்டும் சான்று இருந்தால் நூலக அட்டை இலவசம். அதைக் கொண்டு கணினி, இணையவழித் தொழிற்பாடங்கள், ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சி நூல்கள் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். பல கிளைகளில், மத்திய அரசின் குடிவரவுத் துறை நிதியில் இயங்கும் குடியமர்வுப் பணியாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய சேவை பெரும்பாலும் நிரந்தர வதிவிடம் பெற்றோருக்கும் அகதி என்று ஏற்கப்பட்டோருக்கும் உரியது. ஆனால் மாணவர்களும் அகதிக் கோரிக்கையாளர்களும் இதைக் கேட்டுத் திரும்பிப் போய்விட வேண்டாம். நூலகத்தின் கணினிகளும் நூல்களும் அவர்களுக்கும் உரியவை.

"கனடிய அனுபவம் இல்லையே" என்ற ஏக்கத்தையும் அடிக்கடி கேட்கிறேன். 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் ஒன்ராறியோ நிறுவனங்கள் பொது வேலை விளம்பரங்களில் கனடிய அனுபவத்தைத் தகுதியாகக் கேட்கக் கூடாது.

வரும்போது பழைய நியமனக் கடிதங்களையும், விண்ணப்பிக்க விரும்பும் வேலையின் விளம்பரத்தையும் கையோடு கொண்டுவாருங்கள். விளம்பரத்தை முன்னே வைத்துக்கொண்டுதான் சுயவிவரக்கோவையை எழுதத் தொடங்குவோம்.