நாற்று சாய்வதற்கு முன்னே சேர வேண்டிய பாக்டீரியா

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், பாலக்காட்டின் கிழக்கு எல்லையான எருத்தேம்பதிப் பக்கம் ஒரு தக்காளி நாற்றங்காலைப் பார்க்கப் போயிருந்தேன். விதைத்து 12 நாள் ஆன பாத்தியில் நாற்றுகள் திட்டுத்திட்டாகத் தரையோடு சாய்ந்து கிடந்தன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது, மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நீர் கோத்து, வெந்த கீரைபோல் துவண்டு, நூலாகச் சுருங்கியிருந்தது. "சூடோமோனாஸ் வாங்கி நேத்துத்தான் ஊத்தினேனுங்க சார், கேக்கவே இல்லைங்க" என்றார் அந்த அம்மா. அவர்மீது குறையில்லை. நோய் வந்த பிறகு ஊற்றும் மருந்து என்றுதான் அந்தப் பாக்டீரியாப் பொடியை அவரிடம் கொடுத்தவர் சொல்லியிருந்தார்.

நாற்றை இப்படிச் சாய்க்கும் நாற்றழுகல் நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது பித்தியம் என்ற நுண்ணுயிர். ரைசாக்டோனியா என்ற பூஞ்சையும் சில நேரம் சேர்ந்துகொள்ளும். பூஞ்சை என்றே நாம் சொன்னாலும், பித்தியம் நீரில் நீந்தும் வித்துகளை உடைய தனி இனம் என்பதால், தண்ணீர் தேங்குகிற, நெருக்கி விதைத்த பாத்தியில் ஒரே இரவில் பரவிவிடும். முளை மண்ணுக்கு மேலே வருமுன்பே அழுகிவிட்டால் நோய் வந்ததே தெரியாமல் விதை மீது பழி விழுகிறது. விதை சரியில்லை என்று என்னிடம் வந்த புகார்களில் பலவற்றில், மண்ணைக் கிளறிப் பார்த்தபோது அழுகிய முளைகள்தான் கிடைத்தன.

சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற பாக்டீரியா இந்த இடத்தில் செய்வது காவல் வேலை. முளைக்கும் விதையும் இளவேரும் கசியவிடும் சர்க்கரையைத் தேடித்தான் பித்தியமும் வருகிறது. பாக்டீரியா முந்திக்கொண்டு வேரின் மேற்பரப்பில் குடியேறிவிட்டால், பிந்தி வரும் பூஞ்சைக்கு இடமும் உணவும் குறைகின்றன. மேலும், மண்ணில் உள்ள இரும்பைப் பற்றி இழுக்கும் மஞ்சள்பச்சை நிறப் பொருளை அது சுரக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதிப் பகுதியின் சுண்ணாம்பு கலந்த கரிசலில் பயிருக்கும் நுண்ணுயிருக்கும் எட்டும் இரும்பு இயல்பிலேயே குறைவு என்பதால், கேரளத்தின் புளிப்பான செம்மண்ணைவிட இங்கே இந்தப் போட்டி பூஞ்சையை அதிகமாக வாட்டும் என்பது என் கருத்து. இவை தவிர நேரடியாகக் கொல்லும் பொருள்களும் உண்டு: 1979-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஹோவெலும் ஸ்டிபனோவிக்கும் பருத்தி நாற்றில் ரைசாக்டோனியாவைத் தடுக்கும் பைரோல்நைட்ரினை இந்தப் பாக்டீரியாவிலிருந்து பிரித்துக் காட்டினார்கள், அடுத்த ஆண்டே பித்தியத்தைத் தடுக்கும் பயோலூட்டியோரினையும் காட்டினார்கள்.

இத்தனை வேலையையும் செய்ய அது உயிரோடு இருக்க வேண்டும். உறையில் கிராமுக்கு 10 கோடி பாக்டீரியா என்று அச்சிட்டிருப்பது தயாரித்த நாளின் கணக்கு. அதைக் கலந்து விற்கும் டால்க் பொடியில் மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு எண்ணிக்கை சரிகிறது; தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் கிடந்த பொட்டலத்தில் அதற்கும் முன்பே சரிந்துவிடும். ஆகவே விலையைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள். வெயில் தாங்க வேண்டிய இடத்தில் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற வேறொரு பாக்டீரியா ஏற்றது, ஏனெனில் அது உறைவித்தாக மாறி வெப்பத்தையும் வறட்சியையும் பொறுத்துக்கொள்ளும்.

நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் பிழை வேறொன்று. இங்கே துரிசு என்றும் கிழக்கே மயில்துத்தம் என்றும் சொல்லும் செம்புச் சேர்மத்தைக் கொண்ட போர்டோ கலவையையோ காப்பர் ஆக்ஸிகுளோரைடையோ அதே வாளியில் கலந்துவிடுகிறார்கள். செம்பு பாக்டீரியாவையும் கொல்லும். பாக்டீரியாவைக் கொல்லும் ஸ்டிரெப்டோமைசின் மருந்தும் அப்படியே. குளோரின் வாடை வீசும் குழாய்த் தண்ணீரையும் தவிருங்கள்.

விதைக்கும் முன் ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் பொடியைப் பூசி நிழலில் உலர்த்த வேண்டும். ஆனால் வீரிய ஒட்டு ரக விதை 10 கிராம் பொட்டலத்தில், பெரும்பாலும் ஏற்கெனவே மருந்து பூசப்பட்டுச் சிவப்பாக வருகிறது. அதில் நான் பூசுவதில்லை, குழித்தட்டில் நிரப்பும் தென்னை நார்க்கழிவிலேயே கலந்துவிடச் சொல்கிறேன். பாத்தியாக இருந்தால், ஒரு கிலோ பொடியை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரமாக மூடி நிழலில் சில நாள் வைத்து, 15 சென்டிமீட்டர் உயர்த்திய மேட்டுப்பாத்தியில் விதைப்புக்கு முன் தூவலாம். பிடுங்கி நடும் அன்று, லிட்டருக்கு 20 கிராம் கரைத்த நீரில் வேரை அரை மணி நேரம் நனைத்து, வெயில் தாழ்ந்த பின் நட வேண்டும். வடிகால் இல்லாத, நெருக்கி விதைத்த பாத்தியில் இவை எதுவும் எடுபடாது.

அந்த அம்மாவின் பாத்தியில் சாய்ந்த திட்டுகளையும் அவற்றைச் சுற்றியிருந்த மண்ணையும் அகற்றி, அந்த ஓரங்களில் மட்டும் செம்பு மருந்தை ஊற்றச் சொன்னேன். தண்ணீரைக் காலையில் ஒரு வேளை மட்டும், பூவாளியால் அளவாகத் தெளிக்கவும் சொன்னேன். பாக்டீரியாவை இரண்டு வாரம் கழித்து, பிழைத்த நாற்றுகளின் வேருக்குக் கொடுத்தோம். அவர் மீதி வைத்திருந்த பொட்டலம் தயாரித்து 9 மாதம் ஆகியிருந்ததால் அதைத் தவிர்த்துப் புதிதாக வாங்கினோம்.