அணை யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்

ராத்திரியில் ஷட்டரைத் திறந்திருப்பார்கள். விடிந்து பார்த்தால் பம்புசெட் மோட்டார் சேற்றுக்குள் கிடக்கும், தொழுவத்தில் மாடு இருக்காது. அணை அலுவலகத்துக்குப் போனால் "தாசில்தாரைப் பாருங்க" என்பார்கள், தாசில்தார் அலுவலகத்தில் "தண்ணியத் திறந்தது நாங்களா?" என்பார்கள். இப்படி அலைந்து அலைந்து, கடைசியில் போனது போகட்டும் என்று விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30 முதல் அமலில் இருக்கிறது. அணையைச் சொந்தமாக வைத்திருப்பவர் மட்டுமல்ல, அதைக் கட்டுப்படுத்துபவர், இயக்குபவர், பராமரிப்பவர் எல்லாருமே அதன்படி உரிமையாளர்தான். அரசுத் துறை, மின்வாரியம், தனியார் கம்பெனி எதுவானாலும் சரி. அதனால் "நாங்க மெயின்டெனன்ஸ் மட்டும்தான்" என்று யாராவது சொன்னால் நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள்.

பெரிய சிக்கல் உயரத்தில்தான். 15 மீட்டருக்கு மேல் என்றால் சட்டத்துக்குள் நேராக வந்துவிடும். 10 முதல் 15 மீட்டர் என்றால் கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர், நீளம் 500 மீட்டர் என்பது போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். ஆனால் உயரத்தை ஆற்றுப் படுகையிலிருந்து அளக்கக் கூடாது, அஸ்திவாரத்தின் அடிமட்டத்திலிருந்து அளக்க வேண்டும். "இது சின்ன அணைங்க, இந்தச் சட்டத்துல வராது" என்றால் எங்கிருந்து அளந்த உயரம் என்று கேளுங்கள். நம் ஊர் ஏரிகள் பெரும்பாலும் இதில் வராது. அவற்றில் 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, மற்றவை நீர்வளத்துறையுடையவை.

மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அணையைச் சோதிப்பது, கீழே இருப்பவர்களுக்கு வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு செய்வது, எவ்வளவு தண்ணீர் வரும், போகும் என்று பொதுமக்களுக்குத் தெரிவிப்பது எல்லாம் உரிமையாளரின் கடமை. அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்க ஐந்து வருடக் கெடு, 2026 டிசம்பரோடு முடிகிறது.

பரம்பிக்குளத்தில் 2022 செப்டம்பர் 21 அன்று ஒரு ஷட்டர் உடைந்து தண்ணீர் பாய்ந்ததே, அந்த அணை இருப்பது கேரளாவில், இயக்குவது தமிழ்நாடு. இப்படி ஒரு மாநிலத்துக்குள் இருக்கும், இன்னொரு மாநிலத்துக்குச் சொந்தமான அணையை மேற்பார்க்க வேண்டியது தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையம். அந்த அணைக்குக் கீழே சாலக்குடி ஆற்றோரத்தில் இருப்பவர் கேரள அரசின் அணைப் பாதுகாப்பு அமைப்பிடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் காத்திருப்புதான் மிச்சம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், இந்தச் சட்டத்தில் நஷ்டஈடு என்ற பேச்சே கிடையாது. சிறைத் தண்டனை உண்டு, ஆனால் நீங்கள் நேராகக் கோர்ட்டில் புகார் கொடுக்க முடியாது, அரசோ அது அதிகாரம் கொடுத்தவரோ கொடுத்தால்தான் வழக்கு. உயிரும் உடைமையும் போன மனிதனுக்கு இதில் இடமே வைக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஆகவே நடைமுறையில் கைக்கு வருவது பேரிடர் நிவாரணம்தான். அதற்குப் பயிர் 33 சதவீதமாவது அழிந்திருக்க வேண்டும். கணக்கெடுக்க வரும் முன்பே வயலைச் சுத்தம் செய்துவிடாதீர்கள், தேதியோடு போட்டோ எடுங்கள். குத்தகைக்காரர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அடங்கலில், அதாவது யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற விஏஓ பதிவேட்டில், உங்கள் பெயர் இல்லையென்றால் பணம் நிலத்துக்காரர் கணக்குக்குப் போய்விடும், இப்போதே விஏஓவிடம் போய்ப் பாருங்கள். மாடு செத்திருந்தால் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரும்வரை புதைக்காதீர்கள்.

அப்புறம், வாய்வார்த்தையாக எதையும் கேட்காதீர்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்: இந்த அணையின் உரிமையாளர் யார், மழைக்கு முன் செய்த சோதனையின் அறிக்கை எங்கே, அன்றைக்கு ஷட்டரை எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எச்சரிக்கை யாருக்கு எப்படிப் போனது. 30 நாளில் பதில் வர வேண்டும். "இது எங்க ஆபீஸ் இல்ல" என்று மனுவைத் திருப்பித் தர அவர்களுக்கு உரிமை கிடையாது, ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களேதான் அனுப்ப வேண்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.